எந்தப் பையன்?

'பாய்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் என்ன என்று அவரிடம் கேட்டேன். உலைக்கு முன்னால் நின்றிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எந்தப் பையன்?" என்றார்.

"ஒரு பையன் இல்லண்ணே. பையன்கள். மொத்தமா."

"மொத்தமான்னா, எவனெவன்?"

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.யூ.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் வேடசந்தூர் சாலையோரம் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதி ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஊரில் அதற்குப் பெயர் பாய்ஸ் ஹோம். துணிமணியும் பால்பவுடரும் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இத்தாலியில் ஒரு மலையூர்க்காரர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. புதிதாக அச்சடிக்கப் போகும் கடிதத்தாளில் விடுதியின் பெயரை அவர்கள் மொழியிலும் போட வேண்டும் என்பது வார்டனின் ஆசை. அச்சகத்து ஆள் வாசலில் சைக்கிளோடு நிற்கிறார். விடுதியில் இத்தாலி மொழி தெரிந்த ஒரே ஆள் சமையற்காரர். அவரோ என்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறார்.

"நாற்பத்திரண்டு பேரும்தாண்ணே."

"அப்ப நாப்பத்திரண்டு பேரையும் போடு தாயி. தாளு பத்தாதுன்னா பெரிய தாளா வாங்கச் சொல்லு."

கடிதத்தாள் ஆங்கிலத்திலேயே அச்சாகி வந்தது.

அவரை எல்லோரும் பட்டாளத்தார் என்று கூப்பிட்டார்கள். நான் பட்டாளத்தண்ணே என்பேன். நாற்பதைத் தாண்டியிருக்கும். குஜிலியம்பாறைப் பக்கத்து வானம் பார்த்த பூமியிலிருந்து, மழை பொய்த்த ஒரு வருஷம் பட்டாளத்துக்குப் போனவர். அங்கேயும் சமையல்தான். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒரு காலை நேரம், கஞ்சி அண்டாவோடு சேர்த்து அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். முள்வேலி முகாமில் ஒன்றரை வருஷம். பிறகு ஒருநாள் காவல்காரர்களே துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போக, இவர் மலை ஏறினார். ஒரு குடியானவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு குளிர்காலம் ஒளிந்திருந்தார். மொழி அங்கே வந்தது. காது வழியாக வந்ததால் பேச்சு மட்டும்தான். எழுத்து தெரியாது.

இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொன்னதில்லை. வெங்காயம் நறுக்கும்போது கொஞ்சம், பாத்திரம் கழுவும்போது கொஞ்சம். ஆங்கில ஆபீசர்கள் அவரை "பாய்" என்று கூப்பிடுவார்களாம். "மீச வச்சு, கல்யாணம் முடிச்சு, ஒரு பிள்ளையவும் மண்ணுல வச்சுட்டுப் போனவன் நானு. என்னயப் போயி சின்னப்பயன்னான். எம்புட்டுப் பேரு நின்னாலும் ஒரே பேருதான். பாய்னு ஒரு சத்தம் குடுத்தா எட்டுப் பேரு ஓடணும். எவனக் கூப்பிட்டான்னு கூப்பிட்டவனுக்கே தெரியாது."

அவருடைய சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தானமாக வந்த கோதுமை மாவைப் பிசைந்து, தட்டி, நீள நீளமாக வெட்டி வேகவைப்பார். ஒட்டன்சத்திரத்துத் தக்காளி மலிந்த நாட்களில் அதைக் கூழாகக் காய்ச்சி மேலே ஊற்றுவார். பையன்கள் அதற்கு நாடாச் சோறு என்று பெயர் வைத்திருந்தார்கள். "இன்னைக்கு வெஞ்சனம் என்னண்ணே?" என்று ஒருவன் கேட்டால், "உன் டவுசர் நாடாதாண்டா, பிடிச்சுக்க" என்பார்.

அரிசி போடுவதுதான் விசேஷம். படியால் அளந்து அவருக்குக் கொடுப்பார்கள். அவர் அதை அப்படியே உலையில் கொட்ட மாட்டார். பிடி பிடியாக அள்ளி, ஒவ்வொரு பிடிக்கும் ஒரு பெயர் சொல்லிப் போடுவார். அந்தோணி. குருசாமி. சவரிமுத்து. நாற்பத்திரண்டு பெயர், நாற்பத்திரண்டு பிடி. ஒருவனுக்குப் பிடி கொஞ்சம் சிறுத்திருந்தால், நேற்று அவனுக்கு வயிறு சரியில்லை என்று அர்த்தம். எல்லாம் ஒரே பானையில் ஒன்றாகத்தானே வேகப் போகிறது என்று நான் சிரித்தேன். வேகமாகச் செய்ய முடிகிற ஒன்றை யாராவது மெதுவாகச் செய்தால் எனக்கு அந்த வயதில் உடம்பு அரிக்கும்.

இனி, கடிதங்கள். ஒவ்வொரு பையனுக்கும் அந்த மலையூரில் ஒரு குடும்பம் உண்டு. மாதம் ஒரு முறை அவர்களுக்குக் கடிதம் போக வேண்டும். அந்தக் குடும்பங்களிலிருந்து வரும் கடிதத்தை நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எனக்கு ஒன்றும் புரியாது, அவருக்குப் புரிந்துவிடும். பதிலுக்கு அவர் வாயால் சொல்ல, காதில் விழுந்தபடி நான் தட்டுவேன். இரண்டு அரை ஆட்கள் சேர்ந்து ஒரு முழு ஆள்.

சனிக்கிழமை மத்தியானம் அதற்கென்று ஒதுக்கிய நேரம். டைப்ரைட்டர் மேஜை சமையற்கட்டை ஒட்டிய நடையில், சுவரைப் பார்த்துப் போட்டிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து ஏதாவது உரித்துக்கொண்டே சொல்லுவார். பையன்கள் வாயிலிருந்து எதையும் அப்போது கேட்க மாட்டார். 'நான் நலம், தாங்கள் நலமா' என்று ஆரம்பிப்பார்கள், அது எதற்கு என்பார். வாரம் முழுவதும் சோறு போடும்போது காதில் வாங்கியது, கண்ணில் பட்டது எல்லாம் அவரிடம் இருக்கும். கடிதம் முடிகிற நேரத்துக்கு அந்தந்தப் பையன் வந்து நிற்பான். நான் தாளை உருவிப் பக்கவாட்டில் நீட்டுவேன். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவான். கார்பன் நகல் ஃபைலுக்குப் போகும்.

"என்னண்ணே இவ்வளவு நீளம்? யாருக்கு?"

"சவரிமுத்து சமாச்சாரம்."

"அப்படி என்ன சமாச்சாரம்?"

"இருக்குதுல்ல. நீ அடி."

நான் அடித்தேன். என் கவனமெல்லாம் நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்பதில் இருந்தது. தலை நிமிராமல் அடிப்பவளே டைப்பிஸ்ட் என்று இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சவரிமுத்துவின் குடும்பம் என்பது ஒரே ஒரு கிழவி. பென்சிலால் கொட்டை கொட்டையாக எழுதுவாள். அவள் கடிதத்தை மட்டும் பட்டாளத்தார் இரண்டு முறை வாசிக்கச் சொல்லுவார். நீங்கள் ஒளிந்திருந்த வீட்டு அம்மாவா இவர் என்று ஆசையாகக் கேட்டேன். கதை மாதிரி இருக்குமே என்று.

"அது வேற மலை தாயி. அந்தம்மா பேரே வேற." கொஞ்ச நேரம் பூண்டை உரித்தார். "நான் ஒளிஞ்சிருந்த வீட்டம்மா மகன் பட்டாளத்துல ரஷ்யாப் பக்கம் போயிருந்தான். அங்கிட்டிருந்து தப்பிச்சு நடந்து வாரவன் எவனாச்சும் வாசல்ல தண்ணி கேப்பான். பையங்கள்லாம் பனியில போயிட்டாங்கம்மான்னு சொல்லுவான். அந்தம்மா அவன் கோட்டப் பிடிச்சுக்கும். குவாலேங்கும். குவாலேன்னா எவன்னு அர்த்தம். எந்தப் பையன்? எவனுக்கும் சொல்ல வாயில்ல. மொத்தமாச் சொல்லிட்டுப் போயிட்டானுக. அந்தம்மா நான் கெளம்புற அன்னைக்கி வரைக்கும் வாசலப் பாத்துக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

இதைக் கேட்டு நான் இரண்டு நாள் சோகமாக இருந்தேன். மூன்றாவது நாள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில–இத்தாலிய அகராதியைப் பார்த்துவிட்டேன்.

அந்த அகராதியை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சூடாகிறது. 'பாய்' என்ற சொல்லைத்தான் முதலில் தேடினேன். ரகாத்ஸோ. பலர் என்றால் ரகாத்ஸி. இரண்டு வருஷமாக அவர் சொல்லாத ஒரு சொல் இரண்டு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆமா," என்றார். "அந்த வார்த்த எனக்கும் தெரியும்."

"அப்ப ஏண்ணே சொல்லல?"

"நீ கேட்டப்ப எந்தப் பையன்னு சொல்லலையே."

அந்த நவம்பரில் வார்டனிடம் என் திட்டத்தைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் கடிதத்துக்கு நாற்பத்திரண்டு தனிக் கடிதம் எதற்கு? ஒரே கடிதம், ஒரே ஸ்டென்சில், சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டினால் அரை மணி நேரத்தில் முடிந்தது. அகராதியைப் பார்த்து நானே வாசகம் தயாரித்தேன். அன்புள்ளவர்களே, பையன்கள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள், உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். வார்டன் நல்ல மனிதர், ஓயாத வேலை அவருக்கு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பேஷ்" என்றார்.

பட்டாளத்தாருக்கு வாசித்துக் காட்டினேன். 'ரகாத்ஸி' என்று வந்த இடத்தில் கரண்டியை வைத்தார். "நல்லா இருக்காங்கன்னா, எவன்? குருசாமிக்குச் சிரங்கு ஆறல. அந்தோணி ஒரு வாரமா அழுதுக்கிட்டு இருக்கான்."

"எல்லாருக்கும் பொதுவா ஒரு கடிதம்ணே. பொதுவா நல்லாத்தானே இருக்காங்க."

"பொதுவா," என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை அவருக்கு உரிக்க வெங்காயம் இருந்தது, சொல்லக் கடிதம் இல்லை.

ஸ்டென்சில் வெட்டி ஒரு வாரத்தில் அடைமழை பிடித்தது. சவரிமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பட்டாளத்தார் கூடவே போனார். ஐந்தாம் நாள் அதிகாலை அவர் மட்டும் திரும்பி வந்தார். பன்னிரண்டு வயதுப் பையன். பையன்கள் அழுதார்கள். நானும் அழுதேன். பிறகு, துக்கத்தில் கை சும்மா இருக்கக் கூடாது என்று, விலாசங்களை ஒட்டி உறைகளைக் கட்டிக் கொண்டுபோய் தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் காலை அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் கேட்டார். "எத்தன கவர் தாயி போட்ட?"

"நாற்பத்திரண்டு."

அவர் கை பானைக்கு மேலே அப்படியே நின்றது. "சவரிமுத்துக்குமா?"

செருப்பைப் போடாமல் ஓடினேன். மலைக்கோட்டைப் பக்கமிருந்து காற்று மழையைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தது. தபாலாபீஸ் குமாஸ்தா என்னைப் பார்த்து முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பை நேத்து ராத்திரி மெயில்லயே போயிருச்சேம்மா" என்றார். எல்லாப் பையன்களும் நலம் என்ற என் கடிதம், செத்துப்போன பையனின் கிழவிக்குப் போய்க்கொண்டிருந்தது.

உடனே உண்மையை எழுதிவிட வேண்டும் என்றார் வார்டன். பட்டாளத்தாரிடம் போனேன். "நாளைக்குச் சொல்றேன்," என்றார். மறுநாளும், "நாளைக்கு." மூன்றாம் நாள், "அவனப் பத்தி ஒண்ணொண்ணா எடுக்கணும் தாயி. கடைசிக் கடிதாசியாச்சே. செத்த பொறு," என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தவறு என்னுடையது, அதைச் சீக்கிரம் துடைத்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. அகராதியை எடுத்தேன். அன்புள்ள அம்மா, பையன் இறந்துவிட்டான், வருந்துகிறோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விமானத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவரிடம் சொன்னேன்.

"வாசி," என்றார். நகலை வாசித்தேன்.

"பேரு?"

"அந்தம்மாவுக்கு இங்க ஒரே பையன்தானேண்ணே. அவங்களுக்குத் தெரியும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாண்ணே. இதுல வேற என்ன எழுதுறது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இன்று இதை எழுத எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அடுப்பில் விறகைத் தள்ளி வைத்துவிட்டு, "உனக்குக் கை வேகம் தாயி," என்றார்.

பிறகும் அவர் தினமும் நாற்பத்திரண்டு பிடிதான் போட்டார். ஒரு பிடி கூடுகிறதே என்று வார்டன் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "கை நிக்க மாட்டேங்குதுங்கய்யா," என்று பதில் வந்தது. பொங்கலுக்கு, "ஊருக்குப் போயிட்டு வாரேன்," என்று டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பெட்டியைக் கொண்டுபோகிறவர் திரும்பி வர மாட்டார் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

மாசி மாதம் கிழவியின் கடிதம் வந்தது. அதே பென்சில், அதே கொட்டை எழுத்து. வாசித்துச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் வேண்டியிருக்கவில்லை. முழுத் தாளில் இரண்டே சொற்கள்.

குவாலே ரகாத்ஸோ?

அவளிடம் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்றில் எல்லாப் பையன்களும் நலம். இன்னொன்றில் பையன் இறந்துவிட்டான். இரண்டிலும் பெயர் இல்லை. அவள் கேட்டது நியாயம். ஒருவேளை வேறு எவனாவது இருக்கக்கூடாதா என்று அவள் எத்தனை நாள் அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ.

உடனே தாளைச் செருகினேன். சவரிமுத்து என்று தட்டினேன். அதற்கு மேல் விரல் நகரவில்லை. எந்தச் சவரிமுத்து? நெட்டையா, குட்டையா? எப்படிச் சிரிப்பான்? இரண்டு வருஷம் மாதாமாதம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவன். ஒரு கை மட்டும் ஞாபகம் வந்தது, கையெழுத்துப் போட நீண்ட கை. அதுகூட அவனுடையதுதானா என்று தெரியவில்லை.

ஃபைலை இறக்கினேன். அவன் பெயருக்கு இருபத்து மூன்று நகல்கள் இருந்தன. எல்லாம் நான் தட்டியவை, ஒரு வரியும் எனக்குத் தெரியாதவை. காதில் விழுந்தபடி அடித்ததால் பாதிச் சொற்கள் அகராதியில் அகப்படவில்லை. வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பிடித்தேன். மூன்று வாரம் ஆனது.

சவரிமுத்து கத்தரிக்காயைத் தட்டின் கரையில் ஒளித்து வைக்கிறான். மழை வந்தால் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். தண்ணீர் வண்டி மாட்டுக்கு அவன் வைத்த பெயர் ராசாத்தி, அது காளை என்று சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான். தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுவதில்லை, தங்கச்சியைக் கூப்பிடுகிறான். உங்கள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு திண்டுக்கல் வெயிலில் வேர்க்க வேர்க்க நின்றான், கழற்றச் சொன்னால் அழுதான். எந்த நகலிலும் ரகாத்ஸோ என்ற சொல் இல்லை. எல்லா இடத்திலும் பெயர்தான்.

பதினேழாவது நகலின் அடியில் இப்படி இருந்தது: 'இதை அடிக்கிற பெண் நல்ல பிள்ளை, கை வேகம். சவரிமுத்து அவள் பின்னால்தான் நிற்கிறான், நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு. அவள் கேட்பாள் என்று காத்திருக்கிறான். இன்னும் திரும்பவில்லை. ஒருநாள் திரும்புவாள்.'

என் விரல்கள்தான் அதை அடித்திருந்தன. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லாமல்.

கிழவிக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். அவர் சொல்லியிருந்ததைத் தவிர என்னுடையது என்று சேர்க்க ஒரு வரியும் இருக்கவில்லை. முதல் சொல்லாக அவன் பெயரை வைத்தேன். பதில் வரவில்லை. அது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தபாலைப் போட்ட கையோடு அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க என்று சொல்லலாம். உண்மையில், திரும்பிவிட்டேன் என்று சொல்ல. விடுதிப் பதிவேட்டில் விலாசம் தேடினேன். 'சமையல்: ஒருவர். ஊர்: குஜிலியம்பாறைப் பக்கம்' என்று எழுதியிருந்தது. வார்டன் வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திருக்கலாம் என்ற புத்தி அப்போதும் எனக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஏறினேன்.

குஜிலியம்பாறையில் பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரரிடம், "பட்டாளத்தார் வீடு எங்கிட்டுங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "எந்தப் பட்டாளத்தாரும்மா?"

"பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தவர். சமையல் செய்வார்."

"பஞ்சத்துல வீட்டுக்கு ஒருத்தன் போனானேம்மா. இங்கிட்டே ஏழெட்டுப் பட்டாளத்தாரு இருக்காக. சுத்துப்பட்டில எண்ணி மாளாது."

"இத்தாலி பாஷை பேசுவார். மாவை நாடா மாதிரி வெட்டி..."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். வெளியூர்ப் பிள்ளை, உதவ வேண்டும் என்கிற முகம் அவருக்கு.

"அதெல்லாம் இருக்கட்டும் தாயி. பேரச் சொல்லு. ஆளு யாருன்னு உடனே சொல்லிருவேன்."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.